தவணை நிறைவுக் கடிதமும் மயிர்க்கொட்டிச் சுணை பற்றிய வேண்டுகோளும்

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கும் பாதுகாவலர்களுக்கும்,

வணக்கம். இத்தவணையும் இறையருளால் நல்லபடியாக நிறைவுக்கு வருகிறது. தமிழ்த்தினப் போட்டிகளில் நம் பிள்ளைகள் ஆர்வத்துடன் பங்குபற்றினார்கள். வாணி விழாவும் ஆசிரியர் தினமும் வழமைபோல் இனிதே நடந்தேறின. வகுப்பறைகளுக்கு வர்ணம் பூசித் தந்த பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தினருக்கு நன்றி. தேர்ச்சி அறிக்கைகள் அடுத்த வாரம் உங்கள் கைக்கு வரும்.

நான் இம்முறை எழுத நேர்ந்த காரணம் வேறு. வடகீழ்ப் பருவமழை தொடங்கிய நாள் முதல், திருகோணமலையில் பல வீட்டு வளவுகளில் உள்ளதுபோலவே, நம் வேலியோர முருங்கைகளிலும் மயிர்க்கொட்டி அடை அடையாக மொய்த்திருக்கிறது. கையில் பட்டால் தடிக்கும், அரிக்கும், இரண்டு நாளில் போய்விடும் என்பது நாம் எல்லோரும் சிறுவயதிலிருந்தே அறிந்ததுதான். ஆனால் இத்தவணையில் மூன்று பிள்ளைகளுக்கு அப்புழுவின் நுண்மயிரான சுணை கண்ணிலேயே பட்டுவிட்டது. ஒருவருக்கு, இடைவேளையில் மற்றொரு பிள்ளை ஈர்க்கில் குத்தி எறிந்த மயிர்க்கொட்டியால். இன்னொருவருக்கு, வீட்டில் மரத்தின் கீழ்க் கொடியில் உலர்ந்த துவாயால். மூன்றாமவர் அடிமரத்தில் சாய்ந்திருந்த கையாலேயே கண்ணைக் கசக்கியிருக்கிறார்.

கண்ணில் விழும் தூசி கண்ணீரோடு வெளியே வந்துவிடும்; சுணை அப்படியன்று. அதன் பக்கங்களில் தூண்டில் முள்ளின் எதிர்முள்ளைப் போன்ற நுண்ணிய முட்கள் இருப்பதால் அது முன்னே போகுமேயன்றிப் பின்னே வராது. இமைக்கும்போதும் கசக்கும்போதும் இன்னும் ஆழமாக இறங்கும். மேலிமையின் உட்புறத்தில் தைத்து நின்றால் ஒவ்வொரு இமைப்பிலும் கருவிழியைக் கீறும். சிலருக்கு வெண்படலத்தின் கீழ்ச் சிறு முடிச்சுகள் தோன்றும். அதனால்தான் ஜேர்மன் கண் வைத்தியர் சேமிஷ் 1904இல் இந்நோய்க்கு ‘ஒப்தல்மியா நோடோசா’, அதாவது முடிச்சுடைய கண்ணழற்சி, என்று பெயரிட்டார். அரிதாகச் சுணை கண்ணின் உட்பகுதிக்கே சென்று, மாதங்கள் கழித்தும் அழற்சியை எழுப்பி, பார்வையைப் பாதிக்கக்கூடும். இறந்த மயிர்க்கொட்டியிலும் அதன் கூட்டிலும் உள்ள சுணைக்கும் இதே குணம் உண்டு.

ஆகவே கண்ணைக் கசக்க விடாமல், கைகளைக் கழுவிவிட்டு, சுத்தமான நீரைச் சில நிமிடங்கள் கண்ணில் மெதுவாக ஓடவிட்டு, வலி குறைந்தாலும் அன்றைக்கே கண் வைத்தியரிடம் காட்டுங்கள். இமையைப் புரட்டி, உருப்பெருக்கும் கருவியின் கீழ்ப் பார்த்தால்தான் சுணை தெரியும். ஒரே தடவையில் எல்லாம் அகப்படாது என்பதால், மறுபடி வரச்சொன்ன திகதிகளையும் தவறவிடாதீர்கள்.

இனிச் சொல்லப்போவது சிலருக்குக் கடுமையாகத் தோன்றலாம். அந்த மூவரில் ஒருவரின் வீட்டுக்கு வகுப்பாசிரியர் அன்றே அறிவித்திருந்தும், பிள்ளை பின்னேரம் ரியூஷனுக்கு அனுப்பப்பட்டிருக்கிறார். கண்ணில் தாய்ப்பால் விட்டிருக்கிறார்கள். வேறொருவருக்கு முன்பு கொடுத்த மருந்தின் மிச்சத்தையும் விட்டிருக்கிறார்கள். நான்காம் நாள் அப்பிள்ளையால் வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. கண்ணுக்கான சில சொட்டு மருந்துகளில் அழற்சியைத் தணிக்கும் ஸ்டெரொயிட் உண்டு. வைத்தியரின் ஆலோசனையின்றி அதைக் கண்ணில் இடுவது கண்ணழுத்தத்தைக் கூட்டவும், கிருமித் தொற்று இருந்தால் அதை மோசமாக்கவும் கூடும். பாடசாலையிலிருந்து அழைப்பு வந்தால் ஒருவர் கட்டாயம் வரவேண்டும். சுணை பட்ட பிள்ளை வைத்தியத் துண்டு இல்லாமல் மறுநாள் வகுப்பில் சேர்க்கப்படமாட்டார். மயிர்க்கொட்டியை எறிவதும் நெருப்புப் பெட்டியில் அடைத்துக் கொண்டுவருவதும் இனி விளையாட்டாகக் கருதப்படமாட்டா. பெற்றோரை அழைத்தே பேசுவோம்.

மரங்களை அடியோடு தறிக்கும்படி சிலர் கேட்டிருந்தீர்கள். ஆரம்பப் பிரிவின் மதிய உணவுக்கு இலை தரும் மரங்கள் அவை. தறித்தாலும் வேலிக்கு அப்பால் பக்கத்து வளவு முருங்கை அப்படியே நிற்கும். பிள்ளைகள் இல்லாத சனிக்கிழமையில் கிளைகளைக் குறைத்து, அடிமரத்தைச் சுற்றிக் கயிறு கட்டுவோம். வீட்டில் பந்தம் கொளுத்தி மயிர்க்கொட்டியை எரிப்பவர்கள் பிள்ளைகளை மரத்தடியில் நிற்கவிடாதீர்கள். உங்கள் கண்களுக்கும் மறைப்பு அணியுங்கள்.

அழைத்தவுடன் வேலையை விட்டு ஓடிவந்த மற்ற இரு பெற்றோருக்கும், குழாயடியில் பொறுமையாகக் கண் கழுவிவிட்ட ஆசிரியைக்கும் என் மனமார்ந்த நன்றி. நீங்கள் பலரும் நாட்கூலிக்குப் போகிறவர்கள், அரைநாள் விடுப்பும் உங்களுக்கு இழப்பு என்பதை நான் அறிவேன். வரமுடியாத வேளையில் யாரை அழைக்கலாம் என்பதைக் கீழுள்ள துண்டில் எழுதி, திங்கட்கிழமை பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

இங்ஙனம்,
அதிபர்