பாதிரிப்பூத் தண்ணீர்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முட்டிவலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது.

போன வருஷம் ஒருநாள் பஸ்ஸில் வரும்போது கண்டக்டர் "பாப்புலியூர், பாப்புலியூர்" என்று கூவினார். பக்கத்து சீட்டில் பிளஸ் டூ பையன் ஒருவன். "திருப்பாதிரிப்புலியூர்ல பாதிரின்னா என்ன தம்பி?" என்று கேட்டேன். "சர்ச் பாதிரியார்தானே தாத்தா?" என்றான். அவனைச் சொல்லி என்ன? பேச்சிலேயே பாதிரியை விழுங்கிவிட்ட ஊர் நம்முடையது. இத்தனைக்கும் சாமி பெயரே பாடலீஸ்வரர். பாடலம் என்றாலும் பாதிரி மரம்தான்; ஊர்ப் பெயரில் இருப்பதும் அந்த மரமே.

2011 டிசம்பர் 30 உனக்கு மறந்திருக்காது. தானே புயலில் கொல்லைப் பலா சாய்ந்ததற்கு நீ இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போனதற்கு ஊர் ஊராக அழுதார்கள். பாதிரி மரம் அருகிப் போனதற்கு அழ ஆளில்லை. தசமூலம் என்கிற பத்து வேர் மருந்தில் அதன் வேரும் ஒன்று. வேரையே தோண்டினால் மரம் எப்படி நிற்கும்? பலாவைத் தின்று வளர்ந்தோம், அதனால் அழுதோம். பாதிரியை முகர்ந்து பார்த்தவர்கள்கூட இல்லையே.

மரத்தைப் பற்றி ஒரு போர்டு வைக்கலாம் என்றார்கள் வாக்கிங் சிநேகிதர்கள். போர்டை யார் படிக்கிறார்கள்! சித்திரையில் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். நெல்லிக்குப்பம் பக்கம் தெரிந்தவர் கொல்லையில் ஒரு பாதிரி நிற்கிறது. விடியற்காலையில் போய், உதிர்ந்த பூவைப் பொறுக்கிக் கழுவி, புதுப்பானைத் தண்ணீரில் போட்டேன். அந்தக் காலத்து வழக்கம்தான். புனல் மாதிரிப் பூ. உள்ளே விரலை விட்டால் பூனைக்குட்டி முடி போல மெத்தென்று இருக்கும்.

முதல் டம்ளரைக் குடித்த ஆட்டோக்காரர் மோந்து பார்த்துவிட்டு, "எசன்ஸ் ஊத்தினீங்களா சார்?" என்றார். பானைக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னேன். அப்புறம் அவரே சவாரிக்கு வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக் குடிக்க வைத்தார். பூக்காரம்மா, "இது தொடுக்க வருமா?" என்று கேட்டார். நான்கு பேர் கன்று கேட்டார்கள். யாரிடமும் நான் மரம் வளர்க்கச் சொல்லவில்லை, தெரியுமா!

காய் முற்றி வெடித்ததும் விதை கொண்டுவந்து போட்டேன். இறக்கை வைத்த விதை, ஃபேன் காற்றில் பாதி பறந்துவிட்டது. மிச்சத்தில் பதினொன்று முளைத்திருக்கிறது. ஒன்று ஆட்டோ ஸ்டாண்டுக்கு, ஒன்று பூக்காரம்மாவுக்கு.

தெருமுனைக் கன்றுக்கு ஆடு பயம். உன் பழைய கொசுவலையைத்தான் சுற்றி வைத்திருக்கிறேன். அம்மா அதைத் தேடிக்கொண்டிருக்கிறாள். போனில் கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடு.

அன்புடன்,
அப்பா