பிறவிக் குணம் என்று கைகழுவ வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மலேசிய இந்திய இளைஞர்கள் குண்டர் கும்பல்களில் சேர்வது பிறவிக் குணம் என்றும், ரத்தத்தில் ஊறியதை யாராலும் மாற்ற முடியாது என்றும் சில வாசகர்கள் தங்கள் நாளிதழில் எழுதி வருகிறார்கள். பேராக் மாநில நீதிமன்றங்களில் தமிழ் மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதற்கு மறுமொழி எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். (பையன்களுக்கு மலாய் நன்றாகவே தெரியும், மொழிபெயர்ப்பு தேவைப்பட்டது பெரும்பாலும் பெற்றோருக்குத்தான்.)

இந்தக் கருத்தின் பழைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முக அமைப்பையும் மண்டையோட்டையும் பார்த்தே பிறவிக் குற்றவாளியை இனம் காணலாம் என்று 1876-இல் எழுதியவர் இத்தாலிய மருத்துவர் லொம்பரோசோ. சார்ல்ஸ் கோரிங் என்ற ஆங்கிலேயச் சிறை மருத்துவர் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகளை அளந்து பார்த்து, அப்படியொரு தனி உடலமைப்பே இல்லை என்று 1913-இல் காட்டினார். ஆனால் அதற்கு முன்பே, 1911-இல், குற்றப் பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்துக்கும் விரிக்கப்பட்டு, இன்ன சாதியில் பிறந்த குற்றத்துக்காகவே மனிதர்களிடம் கைரேகை வாங்கப்பட்டது. அதை எதிர்த்து நின்றவர்கள் 1920-இல் பெருங்காமநல்லூரில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்த அதே மாகாணத்தில் இது நடந்தது. அந்த மண்ணிலிருந்து வந்த நாமே நம் பிள்ளைகளைப் பார்த்து அதே பேச்சைப் பேசுவதை என்னவென்று சொல்வது?

உள்துறை அமைச்சு 2013-இல் 49 கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் ஏறத்தாழ 40,000 உறுப்பினர்களில் பத்தில் ஏழு பேர் இந்தியர் என்று அறிவித்தது. நாட்டின் மக்கள் தொகையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத நமக்கு இது பெரிய தலைகுனிவு; மூடி மறைப்பதில் பயனில்லை. ஆயினும், இதே பேராக்கின் லாருட் ஈயச் சுரங்கங்களில் 1861 முதல் கீ ஹின், ஹாய் சான் என்னும் சீன இரகசியச் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் வெட்டிக்கொண்டு மடிந்ததையும், பேராக் ஆட்சியில் ஆங்கிலேயர் நுழைய வழிசெய்த 1874-ஆம் ஆண்டின் பங்கோர் உடன்படிக்கைக்கு அந்தக் கலவரமும் ஒரு காரணமானதையும் மறந்துவிடக் கூடாது. அன்று கும்பல் என்றாலே சீனக் கூலிகள் என்றுதான் பேச்சு. சிக்காகோ நகரை ஆராய்ந்த ஷா, மெக்கே என்னும் சமூகவியலாளர் இருவரும் 1942-இல் வெளியிட்ட முடிவும் இதையே காட்டுகிறது: குடியேறும் இனங்கள் மாறி மாறி வந்தபோதும் இளையோர் குற்றங்கள் அதே வட்டாரங்களில்தான் மிகுந்திருந்தன, அங்கிருந்து குடிபெயர்ந்து சென்ற இனத்தவரிடம் அவை குறைந்தன.

எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரம் எப்படி மாறியது என்பதைப் பலரும் அறிவர். அன்றைய ரப்பர் தோட்டம் சொர்க்கம் என்று நான் சொல்லமாட்டேன். கள்ளுக்கடையும் அங்கேதான் இருந்தது. ஆனால் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பையன் காலையில் செய்த சேட்டை மாலைக்குள் மேற்பார்வை பார்க்கும் தண்டலுக்கும் கோயில் தலைவருக்கும் தெரிந்துவிடும். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, நிலம் வீடமைப்புக்கு விற்கப்பட்டு, குடும்பங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குச் சிதறிய பிறகு, தகப்பன் லோரியிலும் தாய் விடியுமுன்பே வரும் தொழிற்சாலைப் பேருந்திலும் போய்விட, தமிழ்ப்பள்ளியை முடித்து இடைநிலைப்பள்ளியில் பின்தங்கியோருக்கான கடைசி வகுப்பில் உட்கார வைக்கப்படும் பதின்மூன்று வயதுப் பையனைக் கேட்க நாதியில்லை.

நீதிமன்றத்தில் வாசிக்கப்படும் நன்னடத்தை அறிக்கைகளில் பெயரும் ஊரும் மாறும். நடந்தது பெரும்பாலும் மாறாது. அடுக்குமாடியின் கீழே நிற்கும் ஓர் "அண்ணன்" முதலில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுப்பான், கைப்பேசிக்குப் பணம் போடுவான், கப்சாய் என்னும் சிறு மோட்டார் சைக்கிளை ஓட்டக் கொடுப்பான். பதிலுக்கு ஒன்றும் கேட்கமாட்டான். சில மாதங்கள் கழித்து ஒரு பொட்டலத்தை ஓரிடத்தில் கொடுத்துவிட்டு வரச் சொல்வான். அதன் பின்னர் கும்பலின் அடையாள எண் அச்சிட்ட சட்டையும், யாரோ ஒருவரின் இறுதி ஊர்வலத்தில் முன்வரிசை இடமும் கிடைக்கும். மகன் எப்போது பள்ளிக்குப் போவதை நிறுத்தினான் என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது, ஒரு தாய், "தெரியாதுங்க துவான், வெள்ளச் சட்டைய தினமும் நான்தான் துவச்சு மடிச்சு வைப்பேன், அழுக்காத்தான் வரும்" என்றார். அவன் பள்ளியை விட்டு அரையாண்டு ஆகியிருந்தது. அதை நான்தான் மலாயில் சொன்னேன்.

இப்படித் தொடங்குகிற எல்லாரும் குற்றவாளியாகவே முடிவதில்லை என்பது இன்னும் முக்கியம். பிலடெல்பியாவில் 1945-இல் பிறந்த 9,945 பையன்களின் பதிவுகளை ஆராய்ந்தபோது, மூன்றில் ஒருவர் ஏதோ ஒரு வகையில் காவல்துறையிடம் சிக்கியிருந்தனர். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் மறுமுறை சிக்கவே இல்லை. எல்லாக் குற்றங்களிலும் பாதிக்கு மேல் செய்தவர்கள் மொத்தப் பையன்களில் நூற்றுக்கு ஆறு பேர் மட்டுமே. பாஸ்டனில் சீர்திருத்தப் பள்ளிக்குப் போன 500 பையன்களின் வாழ்க்கையை எழுபது வயதுவரை தொடர்ந்து பார்த்த ஆய்வும், நிலையான வேலை, நல்ல இல்லறம், இராணுவப் பணி ஆகியவை பலரைத் திருப்பிவிட்டதைக் கண்டது.

நாமோ திரும்பி வரும் வழியை அடைத்து வைத்திருக்கிறோம். ஹென்றி கர்னி என்னும் சிறார் சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளிவரும் பையனைப் பட்டறைக்காரர் முகம் பார்த்ததும் அனுப்பிவிடுகிறார். பழைய அண்ணன் மட்டும் அவனைக் காத்திருந்து அழைத்துப் போகிறான். வழக்கில் சிக்கிய சிறாரை அடையாளம் காட்டும் படத்தையும் விவரங்களையும் வெளியிடுவதை 2001-ஆம் ஆண்டின் சிறார் சட்டம் தடுக்கிறது. நாளிதழ்கள் இதற்குக் கட்டுப்படுகின்றன. நம் தாமான் (குடியிருப்பு) வாட்ஸ்அப் குழுக்களில் அந்தப் படங்கள் மணிக்கணக்கில் சுற்றுகின்றன. கோயில் நிர்வாகங்களையும் ஒன்று கேட்கிறேன்: திருவிழா நன்கொடைப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பவர் யார், அவர் பணம் எங்கிருந்து வருகிறது என்று எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

இடைநிலைப்பள்ளியின் முதல் இரண்டு படிவங்களில் (வகுப்புகளில்) ஒரு மாணவன் தொடர்ந்து வராவிட்டால், கடிதம் அனுப்புவதோடு நில்லாமல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் ஒருவர் மாலையில், தாய் வேலையிலிருந்து திரும்பிய பிறகு, வீட்டுக்கே செல்ல வேண்டும். எங்கள் ஊரில் மோட்டார் பட்டறையோ உணவகமோ லோரிக் கம்பெனியோ நடத்துபவர்களில் எவரேனும், தண்டனை முடித்து வந்த ஒரு பையனை வேலைக்கு எடுத்துக்கொள்ள முன்வந்தால், அவனுக்குப் பொறுப்பேற்றுக் கையொப்பமிட நான் தயாராக இருக்கிறேன். என் முகவரியைத் தங்கள் அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.