செவ்வாய்க்கிழமை ஏன் போன் எடுப்பதில்லை

ரெட்மண்ட்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. வாட்ஸ்அப்பில் நாலு வரி தட்டிவிடாமல், பேனா பிடித்து எழுதி, அதைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாய். அதற்காகவே நானும் உட்கார்ந்து பதில் எழுதுகிறேன். மகளுக்கு வரன் அமைந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் ரொம்ப சந்தோஷம். தை மாதம் என்றால் இப்போதே டிக்கெட் போட்டுவிடுகிறேன். அப்புறம், முழங்காலுக்கு அந்த எண்ணெயை மட்டும் நம்பிக்கொண்டிருக்காதே. ஒரு எலும்பு டாக்டரைப் பார்.

புதன்கிழமை காலை வாக்கிங் போகும்போது கூப்பிட்டால் எடுப்பதே இல்லை, பெரிய மனுஷனாகிவிட்டாயா என்று கேட்டிருக்கிறாய். உனக்குப் புதன் காலை ஏழு மணி என்றால் எனக்குச் செவ்வாய் சாயங்காலம் ஆறரை. அந்த நேரத்தில் நான் இங்கே ஒரு விளையாட்டுக் கடையின் பின்பக்க மேஜையில், அரக்கனாக உட்கார்ந்திருப்பேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

பையன் போன செப்டம்பரில் காலேஜுக்குப் போனான். போகும்போது மேஜிக் என்று ஒரு சீட்டாட்டம், அதன் சீட்டுகளை இரண்டு பெட்டி நிறைய விட்டுவிட்டு, "அப்பா, கடையில் போட்டுக் காசாக்கிடுங்க" என்றான். சாந்திக்குச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி. வீட்டில் தனியாக டி.வி.யை வெறித்துக்கொண்டிருப்பதற்குப் பதில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கல்லாவில் இருந்த பையன் ஒவ்வொரு சீட்டாக எண்ணிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் ஆகுமாம். பின்பக்கம் ஒரு மேஜையில் மூன்று பேர் நாலாவது ஆளுக்காகக் காத்திருந்தார்கள். மூன்று பேரை வைத்தும் எப்படியோ ஒப்பேற்றலாம், ஆனால் நாலு பேர் இருந்தால்தான் ஆட்டம் சரியாக வரும். "உட்காருகிறீர்களா?" என்று கேட்டார்கள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். தெரிய வேண்டாம் என்றார்கள்.

ஆட்டத்தின் பெயர் பாத்ஃபைண்டர். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று உன் மகன் சொல்லக் கேட்டிருப்பாய், அதன் பங்காளி. பலகையும் காயும் இருக்கும், ஆனால் யார் ஜெயித்தார்கள் என்ற கேள்வியே கிடையாது. கேம் மாஸ்டர் என்று ஒருவர் கதையை நடத்துவார். "இருட்டான கிணறு, உள்ளே முனகல் சத்தம், என்ன செய்கிறீர்கள்?" என்பார். நீ உன் பாத்திரமாக இருந்து பதில் சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் உள்ள பகடை சொல்லும். விழுந்த எண்ணோடு உன் திறமைக்கான எண்ணைக் கூட்டி, தேவையான எண்ணைத் தொட்டால் காரியம் முடிந்தது. பாதி கூத்து, பாதி கணக்கு. நாலு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது என்று முகங்களின் எண்ணிக்கைக்கு ஒரு பகடை. முதல் நாள் முக்கால் மணி நேரம் நான் பன்னிரண்டு முகப் பகடையையே உருட்டிக்கொண்டிருந்தேன். ஏன் ஒன்றும் நடக்கவில்லை என்று யோசித்தபோது பக்கத்தில் இருந்த பெண்தான், பதினாறு வயது இருக்கும், மெதுவாக இருபதை என் பக்கம் தள்ளினாள்.

புதிதாக வருகிறவர்களுக்கென்று பாத்திரங்களைத் தயாராக அச்சடித்து வைத்திருப்பார்கள். எனக்குக் கிடைத்தது கைரா. சூரிய தேவதை சாரன்ரேயின் பூசாரி, கையில் வளைந்த வாள். நமக்கு வாள்தானே கண்ணில் படும்? எதிரே வந்த எலும்புக்கூட்டை வெட்டப் பாய்ந்துகொண்டே இருந்தேன். அதற்குள் எங்கள் போர்வீரன் விழுந்துவிட்டான். இந்த ஆட்டத்தில் விழுந்தவன் உடனே சாவதில்லை. சாவுக்கு நாலு படி. முறை வரும்போதெல்லாம் பகடை உருட்ட வேண்டும், தவறினால் ஒரு படி இறங்குவான். இவன் இரண்டாம் படியில் இருந்தான். குறைந்தது பன்னிரண்டு விழ வேண்டும், விழுந்தது ஐந்து. மூன்றாம் படி. அவனாக ஆடியவர் அறுபது வயது லாரி டிரைவர். ஒரு வார்த்தை பேசவில்லை. பகடையை எடுத்துத் தாளின் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்.

அடுத்தது என் முறை. அவன் கிடந்த இடம் ஆறு கட்டம் தள்ளி, அதாவது முப்பது அடி. ஒவ்வொருவருக்கும் ஒரு சுற்றில் மூன்று செயல். அதில் இரண்டைச் செலவழித்தால் இருந்த இடத்திலிருந்தே குணமாக்கலாம் என்று அந்தப் பெண் என் தாளில் விரல் வைத்துக் காட்டினாள். எட்டு முகப் பகடை, அதோடு எட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும். உருட்டினேன். ஒன்று.

முருகேசா, உங்கள் அப்பத்தா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பழகிய வாய் இது. என்னை அறியாமல் "தாயம்!" என்று கத்திவிட்டேன். மேஜையே திரும்பிப் பார்த்தது. இவர்களுக்கு ஒன்று என்றால் இழவு. இருபது முகப் பகடையில் ஒன்று விழுந்தால் முடிவு இன்னும் ஒரு படி மோசமாகிவிடும். எங்கள் ஊரில் ஒன்று விழுந்தால்தான் காய் உள்ளே நுழையும், அதுவரை வெளியிலேயே கிடக்கும் என்று விளக்கினேன். ஒன்றும் எட்டும் ஒன்பது. போர்வீரன் கண் விழித்தான். லாரி டிரைவர் கையை எடுத்து, தட்டுத் தடுமாறி, "தாயம்" என்றார். இப்போது யாருக்கு ஒன்று விழுந்தாலும் மேஜை முழுக்க அதைத்தான் சொல்கிறது. உச்சரிப்பைக் கேட்டால் அப்பத்தா எழுந்து வந்து அடிப்பார்.

அன்று சீட்டுப் பெட்டி எவ்வளவுக்குப் போனது என்று சாந்தி கேட்டாள். வாங்க மறந்து வந்திருந்தேன்.

அடுத்த வாரமே சொந்தப் பாத்திரம் உருவாக்கினேன். ஓர்க் என்ற அரக்க இனத்தவன், முரடன், எவ்வளவு சுமை வேண்டுமானாலும் தூக்குவான். பழனி அடிவாரத்துக்காரன் வேறு என்ன பெயர் வைப்பேன்? இடும்பன். இவர்கள் வாயில் 'ஐடம்பன்' ஆகிவிட்டான். மூன்று கதை முடித்தால் ஒரு லெவல், இப்போது ஐந்தாம் லெவலில் இருக்கிறான்.

இதில் எனக்குப் பிடித்தது கதையைவிட அந்த ஏற்பாடு. வீட்டில் கூடி ஆடினால் நண்பர்கள் வேண்டும். ஐம்பத்து நாலு வயதில், வேறு தேசத்தில், நாலு நண்பர்களுக்கு எங்கே போவது? கடையில் ஆடுவது அப்படி இல்லை. ஒரு கதை நாலைந்து மணி நேரத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் என்ன சம்பாதித்தாய் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். எந்த ஊரிலும் அதே விதி, அதே கணக்கு. மார்ச் மாதம் ஆபீஸ் வேலையாக டெக்சாஸ் போனேன். ஓட்டல் பக்கத்தில் ஒரு கடையில் விசாரித்தேன், அன்று ராத்திரியே ஒரு மேஜையில் இடம் கிடைத்தது. யாரென்று ஒருவரும் கேட்கவில்லை. "உங்கள் ஆள் என்ன லெவல்?" என்று மட்டும் கேட்டார்கள். முன்னெல்லாம் வெளியூர் போனால் ஓட்டல் அறையில் சாண்ட்விச் தின்றுவிட்டுப் படுப்பேன்.

லாரி டிரைவர் இதன் பூர்வீகமெல்லாம் சொல்லுவார். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் இந்த வகையின் முதல் ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டார்கள். ஊர் ஊராக ஆடுகிறவர்களை ஒன்றுசேர்க்க 1980-இலேயே ஒரு சங்கம் வந்துவிட்டது. அவர் உருகுவது 2000 முதல் 2008 வரை நடந்த லிவிங் கிரேஹாக் என்ற கூட்டு ஆட்டத்துக்கு. கற்பனை உலகத்து நாடுகளை நிஜ உலகத்துப் பகுதிகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருந்தார்களாம். ஒரு நாட்டின் உள்ளூர்க் கதையை ஆட வேண்டும் என்றால் அந்த நாடு எந்தப் பகுதிக்கு விழுந்ததோ அங்கேயே நேரில் போக வேண்டும். இவர் அதற்குத் தோதாக லோடு பிடித்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போயிருக்கிறார். திருவிழாக் கணக்குப் பார்த்து ஊர் சுற்றும் வளையல் வியாபாரி மாதிரி. சின்ன வயதில் இவருடைய புத்தகங்களை அம்மா அடுப்பில் போட்டுவிட்டாராம். 80-களில் இது சாத்தான் வழிபாடு என்று இங்கே பலர் நிஜமாகவே நம்பியிருக்கிறார்கள்.

அந்தச் சங்கத்தின் வழியில் இப்போது இரண்டு பெரிய ஏற்பாடுகள். பாத்ஃபைண்டரை வெளியிடும் பைஸோ நிறுவனம் 2008-இல் தொடங்கிய பாத்ஃபைண்டர் சொசைட்டி, அதுதான் எங்களுடையது. டஞ்சன்ஸ்காரர்களுடையது 2014-இல் வந்த அட்வென்சரர்ஸ் லீக். டஞ்சன்ஸை வெளியிடும் விஸார்ட்ஸ் கம்பெனி இங்கிருந்து அரை மணி நேரத்தில் ரென்டனில்தான் இருக்கிறது.

எல்லாம் தேனும் பாலும் இல்லை. முதலில் போன கடை டிசம்பரில் எங்களை வெளியே அனுப்பிவிட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியவில்லை. சீட்டு ஆடுகிறவன் வாரா வாரம் பாக்கெட் வாங்குவான். நாங்கள் ஆறு பேர் ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஆளுக்கு ஒரு சோடாவோடு நாலு மணி நேரம் மேஜையை அடைத்துக்கொண்டிருந்தோம். இப்போது இருக்கும் கடையில் ஆளுக்கு ஐந்து டாலர் வாங்குகிறார்கள். நியாயம்தான். கேம் மாஸ்டருக்குச் சம்பளம் கிடையாது. முந்தின நாள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து கதையைப் படித்து, கட்டம் போட்ட விரிப்பில் குகை வரைந்துகொண்டு வருகிறார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். மேஜை நடுவில் பெருக்கல் குறி போட்ட ஒரு அட்டை கிடக்கும். கதை போகிற போக்கு யாருக்காவது தாங்கவில்லை என்றால் அதைத் தொட்டால் போதும். கேம் மாஸ்டர் அந்த இடத்தைத் தாண்டிவிடுவார், ஏன் என்று கேட்கக்கூடாது. எனக்கு முதலில் இது செல்லம் கொடுப்பதாகத் தோன்றியது. பிப்ரவரியில் ஒரு கதை. வெள்ளத்தில் ஒரு குழந்தையின் கை நழுவுகிறது. லாரி டிரைவர் அட்டையைத் தொட்டார். கேம் மாஸ்டர் மூச்சு விடுவதற்குள், "வெள்ளம் வடிந்துவிட்டது, மறுநாள் காலை, சந்தை" என்றார். நான் காபி வாங்க எழுந்தேன். டிரைவருக்கும் ஒன்று வாங்கி வந்தேன். இன்றுவரை எனக்குக் காரணம் தெரியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தை மாதம் வரும்போது ஒரு செட் பகடை கொண்டுவருகிறேன். கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பெண்கள் எல்லாம் மருதாணியில் இருப்பார்கள், நமக்கு அங்கே வேலை இல்லை. ஹாஸ்டலில் விளக்கை அணைத்துவிட்டுப் புளியமரத்துப் பேய்க்கதை சொல்லி முப்பது பேரைப் போர்வைக்குள் அனுப்பியவன் நீ. நீதான் கேம் மாஸ்டர். கிணறு, முனகல் சத்தம், மீதியை நீ பார்த்துக்கொள். ஆட்கள் நாலு பேர் வேண்டும். நான் ஒன்று, உன் மகன் ஒன்று. மாப்பிள்ளையை இழுக்க முடியுமா பார். நாலாவது ஆளுக்கு உன் சம்பந்தி எப்படி, கலகலப்பானவரா?

சாந்தி விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். வியாழக்கிழமை காலையில் கூப்பிடு, கட்டாயம் எடுக்கிறேன்.

உன்,
சேகர்