மலை ரயில் எஞ்சின்களைக் காட்சிப் பொருளாக்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீலகிரி மலை ரயில் குறித்துத் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரை, திருச்சி பொன்மலைப் பணிமனையிலிருந்து புதிய நீராவி எஞ்சின்கள் வந்துவிட்டதால் பழைய சுவிஸ் எஞ்சின்களை இனி ரயில் நிலைய வாசல்களில் காட்சிக்கு நிறுத்திவிடலாம் என்ற யோசனையோடு முடிந்திருந்தது. அதில் எனக்கு உடன்பாடில்லை.

'எக்ஸ்' வகுப்பைச் சேர்ந்த அந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரிலிருந்த எஸ்.எல்.எம். ஆலையில் தயாரானவை, அவற்றில் கடைசியாக வந்தவையே 1952ஆம் ஆண்டைச் சேர்ந்தவை. இவற்றுக்கு டெண்டர், அதாவது தண்ணீரும் எரிபொருளும் சுமந்து எஞ்சினோடு வரும் தனி வண்டி, கிடையாது. பாய்லரின் இருபுறமும் உள்ள தொட்டிகளில் கொள்ளும் தண்ணீரை மட்டுமே சுமந்து செல்வதால், ஹில்குரோவ் போன்ற இடங்களில் நின்று தண்ணீர் பிடித்துக்கொண்டுதான் மலையேற வேண்டும். பயணிகள் அதைத் தேநீர் இடைவேளை என்று நினைத்துக்கொள்கிறார்கள்!

இந்த எஞ்சினின் அருமை தெரிய வேண்டுமானால் மலையடிவாரத்திலுள்ள கல்லாறில் கவனிக்க வேண்டும். இதில் மேலும் கீழுமாக இரண்டு ஜோடி சிலிண்டர்கள் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து அதுவரை கீழ் சிலிண்டர்கள் மட்டுமே வேலை செய்யும். மேலே உள்ளவை சும்மா இருக்கும். தண்டவாளங்களுக்கு நடுவே, பற்சக்கரம் கவ்வி ஏறுவதற்கான பற்சட்டம் தொடங்கியதும், கீழ் சிலிண்டர்களில் ஒருமுறை உழைத்து வெளியேறும் நீராவி வீணாகாமல் மேல் சிலிண்டர்களுக்குள் திருப்பிவிடப்பட்டு, அடியிலுள்ள பற்சக்கரங்களைச் சுழற்றத் தொடங்கும். இடையில் கியர் இருப்பதால் மேல் தண்டுகள் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில், அவற்றைவிட வேகமாகச் சுழலும். ஏறத்தாழ 12 அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில், பெட்டிகளைக் கீழிருந்து தள்ளிக்கொண்டே குன்னூர் வரை செல்வது இந்த ஏற்பாட்டின் பலத்தில்தான். இறங்கும்போது அதே சிலிண்டர்கள் காற்றை அழுத்தி வண்டியின் வேகத்தைக் கட்டுப்படுத்துகின்றன. ஆடாமல் அசையாமல் பீடத்தில் நிற்கும் எஞ்சினைப் பார்த்து இவற்றில் எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

பீடத்தில் நிறுத்துவதையே பாதுகாப்பு என்று நாம் பழகிவிட்டோம். கூரையில்லாத இடத்தில் இரண்டு பருவமழைகளிலும் நனையும் இரும்புக்கு, விழாவுக்கு விழா அடிக்கும் பெயின்ட் துருவை மறைக்குமே தவிர, அரிப்பைத் தடுக்காது. பித்தளைப் பாகங்கள் காணாமல் போவதும் நடக்கிறது. 1855ஆம் ஆண்டைச் சேர்ந்த 'ஃபேரி குயின்' எஞ்சினின் பாகங்களே 2011இல் திருட்டுப் போய், பெரம்பூர் லோகோ பணிமனையில் பெருமளவு சீரமைத்த பிறகுதான் அது மறுபடியும் ஓடியது. அதன் உடன்பிறப்பான இ.ஐ.ஆர். 21 (ஈஸ்ட் இந்தியன் ரயில்வேயின் 21ஆம் எண் எஞ்சின்), நூறாண்டுகளுக்கு மேல் காட்சிப் பொருளாக நின்றிருந்து, 2010இல் அதே பணிமனையில் உயிர் பெற்றது. இரண்டுமே தண்ணீரைத் தம்மோடு சுமக்கும் டேங்க் எஞ்சின்கள்தான். பழுது பார்க்கத் தெரிந்த கைகள் பெரம்பூரில் இருந்ததால் அவை பிழைத்தன.

பொன்மலையின் புதிய எஞ்சின்களை நான் குறை சொல்லவில்லை. ஃபர்னஸ் ஆயிலில் ஓடுபவை 2011 முதலும், நிலக்கரியில் ஓடுபவை அண்மை ஆண்டுகளிலும் அங்கிருந்து வந்துள்ளன. எண்ணெய்க்கு மாறியதிலும் நியாயம் உண்டு. தரமற்ற நிலக்கரியால் நடுவழியில் நீராவி போதாமல் வண்டி நின்றதும், காட்டோரத்தில் தீப்பொறி பறக்கும் அபாயமும் மெய்யானவை. பாய்லரை வளைத்து, ஒட்டி, அழுத்தச் சோதனை செய்யும் திறமை நம்மிடம் இருக்கிறது என்பதை அந்தப் பணிமனை காட்டிவிட்டது. ஆனால் அதே திறமையைக் கொண்டு பழைய எஞ்சின்களில் ஒன்றிரண்டையாவது ஓடும் நிலையில் வைத்திருக்க முடியும் என்பதுதான் என் வாதம். பழைய பாகங்கள் தேயத் தேயப் புதியவை பொருத்தப்படலாம், அதில் தவறில்லை. ஓடுகிற எஞ்சினுக்கு அதுதான் வழி.

2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ரயில் பாதையை என்பதை ரயில்வே நிர்வாகம் நினைவில் கொள்ள வேண்டும். சுவிஸ் எஞ்சின்களில் ஒன்றையேனும் நிலக்கரியிலேயே ஓடும்படி பராமரித்து, குறிப்பிட்ட நாட்களில் கல்லாறு முதல் குன்னூர் வரை இயக்கட்டும். ஏற்கெனவே பீடமேறியவற்றுக்கு முதலில் ஒரு கூரை போடட்டும். குன்னூர் ஷெட்டில் பணி ஓய்வை நெருங்கும் ஃபிட்டர்களிடமும் ஃபயர்மேன்களிடமும் இளைஞர்களை இப்போதே பயிற்சிக்கு அமர்த்துவதும் அவசியம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குன்னூர்.