அண்ணனுக்கு வந்தால் தம்பியும் பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் மருத்துவ முகாம் நடந்தது. 30 வயதைத் தாண்டியவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை உண்டு என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். நல்ல காரியம். ஆனால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் வரும் புற்றுநோய் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மனசு கேட்காமல்தான் எழுதுகிறேன்.

என் அண்ணன் இடுப்பு வலி என்று ஏழெட்டு மாதம் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ராத்திரி நாலைந்து தடவை சிறுநீர் கழிக்க எழுந்து போவதைப் பற்றிக் கேட்டால், "வயசானா அப்படித்தான்" என்பார். மதினி பிடிவாதமாக அழைத்துப் போனபோது ரத்தத்தில் பிஎஸ்ஏ, அதாவது அந்தச் சுரப்பியில் உண்டாகும் ஒரு புரதம், 140 இருந்தது. பொதுவாக 4-க்குள் இருக்க வேண்டுமாம். நோய் இடுப்பெலும்புக்குப் போய்விட்டிருந்தது. ஒன்றரை வருடம் இருந்தார். கடைசி நாட்களில் புரட்டிப் படுக்க வைக்கும்போது வலி தாங்காமல் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பார். அந்தப் பிடி இன்னும் என் கையில் இருக்கிறது.

"அப்பாவுக்கோ கூடப் பிறந்தவருக்கோ இருந்தால் உங்களுக்கு வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு. நீங்களும் பாருங்கள்" என்று அவரைப் பார்த்த டாக்டர்தான் சொன்னார். எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஆரம்பத்தில் பெரும்பாலும் எதுவுமே தெரியாதாம். பிஎஸ்ஏ 7.2 என்று வந்தது. அப்புறம் எம்ஆர்ஐ ஸ்கேன், சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சி. நோய் சுரப்பியைத் தாண்டவில்லை. நான்கு வாரம் கதிர்சிகிச்சை. காலை முதல் பஸ்ஸில் போய், தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு மேசையில் படுப்பேன். சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூன்று வருடமாக நன்றாக இருக்கிறேன்.

எண் கூடினாலே புற்று என்று பயப்பட வேண்டாம். வயதில் சுரப்பி பெருத்தாலும் கிருமி தொற்றினாலும் கூடும். புற்றாகவே இருந்தாலும் மெதுவாக வளரும் வகை என்றால், சிலருக்குச் சிகிச்சை தராமல் கண்காணித்து மட்டும் வருவார்கள். அதனால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு ரத்தம் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 50 வயதானவர்கள், குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் 45-லேயே, டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்க வேண்டும். முகாம்களில் இதைப் பேச ஆண் ஊழியர் ஒருவரையாவது அரசு உட்கார வைக்க வேண்டும்.

அண்ணன் மகனுக்கு மாசியில் 45 முடிந்தது. "நல்லாத்தானே இருக்கேன் சித்தப்பா" என்கிறான். திங்கட்கிழமை நானே கூட்டிக்கொண்டு போகிறேன்.

ஓய்வுபெற்ற தபால்காரர்,
விருதுநகர் மாவட்டம்.