பினாங்கு சனிக்கிழமை பைதான் வகுப்புக்காரர்களுக்கு: "தமிழ் வராது" என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே.

நான் பட்டர்வொர்த்துக்காரி. பினாங்குத் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் தரவு பார்க்கும் வேலை, தினமும் பாலம் தாண்டிப் போய் வருகிறேன். உங்கள் வகுப்புக்கு நான் வந்ததில்லை, ஆனால் என் தங்கை மகள் வருகிறாள். படிவம் 4 படிக்கிறாள், சனிக்கிழமை என்றால் பசியாறக்கூட உட்காராமல் ஓடுகிறாள். சம்பளம் வாங்காமல், வார விடுமுறையைக் கொடுத்து, பிள்ளைகளுக்குப் பைதான் என்ற கணினி மொழியில் நிரல் எழுதக் கற்றுக்கொடுக்கிறீர்கள், அதற்கு உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். கும்பிட்டுவிட்டுத்தான் சண்டைக்கு வருகிறேன்.

போன மாதம் அவள் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். 2020 மலேசிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்களை வைத்து மாநில வாரியாக ஒரு பட்டை வரைபடம் வரைந்திருந்தாள். சிலாங்கூர் ஏறத்தாழ 70 இலட்சம், ஜொகூர் 40, பினாங்கு 17.4, பெர்லிஸ் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. எண்கள் எல்லாம் சரி. பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் காலிக் கட்டங்கள். "பெரியம்மா, தமிழ்ல போட்டா பெட்டி பெட்டியா வருது. அண்ணன் சொன்னாரு இதுல தமிழ் வராதாம், இங்கிலீஷ்ல மாத்திப் போடச் சொன்னாரு" என்றாள். மாற்றியும் போட்டுவிட்டாள். யாரும் சொல்லாமல் அவளாகவே பதின்மூன்று மாநிலப் பெயரையும் தமிழில் தட்டச்சு செய்திருந்தாள், அதை அழித்துவிட்டு.

எந்த அண்ணன் என்று நான் கேட்கவில்லை, அது முக்கியமில்லை. அவர் சொன்னது தப்பு, அதுதான் முக்கியம்.

அவள் வரையப் பயன்படுத்திய மேட்பிளாட்லிப், அதாவது பைதானில் வரைபடம் வரையும் நிரல் நூலகம், தமிழை மறுக்கவில்லை. எதுவும் சொல்லாமல் விட்டால் அது எடுத்துக்கொள்ளும் எழுத்துரு டெஜாவு சான்ஸ். கிரேக்கம், ரஷ்யன் எல்லாம் அதில் உண்டு, தமிழ் இல்லை. இல்லாத எழுத்துக்குக் கட்டம் போடும், அவ்வளவுதான். அதையும் மறைத்துச் செய்யவில்லை, கீழே எச்சரிக்கை எழுதியே காட்டியது: கிளிஃப் (எழுத்து வடிவம்) 2990, தமிழ் எழுத்து ம, இந்த எழுத்துருவில் இல்லை என்று. எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் 2990 என்பது மகரத்தின் எண். இவ்வளவு தெளிவாகச் சொல்லும் எச்சரிக்கையை நான் அதிகம் பார்த்ததில்லை, ஆனால் திரையில் சிவப்பாக ஏதாவது வந்தாலே பிள்ளைகள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான் போல.

சரி, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கி நிறுவினோம். மறுபடி ஓட்டினால் அதே கட்டங்கள், அவள் முகம் சுருங்கிவிட்டது. இங்கேதான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். கணினியில் என்னென்ன எழுத்துரு இருக்கிறது என்ற பட்டியலை மேட்பிளாட்லிப் ஒருமுறை எடுத்து ஒரு கோப்பில் பத்திரமாக வைத்துக்கொள்ளும், பிறகு நீங்கள் நிறுவுவது அதன் கண்ணில் படாது. அந்தத் தற்காலிகக் கோப்பை அழிக்க வேண்டும், அல்லது எழுத்துரு மேலாளரிடம் 'இதோ கோப்பு, சேர்த்துக்கொள்' என்று பாதையை நேராகக் கொடுக்க வேண்டும். இரண்டாவது வழி வகுப்புக்கு நல்லது, எழுத்துருவை நிரலோடு ஒரே அடைவில் வைத்துவிட்டால் எந்தக் கணினியிலும் ஓடும். எழுத்துருக் குடும்பத்தைச் சொல்லும்போது நோட்டோவை முதலிலும் டெஜாவுவை இரண்டாவதாகவும் பட்டியலாகக் கொடுங்கள். 3.6 பதிப்பிலிருந்து ஒன்றில் இல்லாத எழுத்தை அடுத்ததிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

கட்டங்கள் போயின. தமிழ் வந்தது. வந்த தமிழைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். கெடாவில் ககரம் முதலில், அதற்கு அப்புறம் கொம்பு. ஜொகூர் என்னவென்றே தெரியவில்லை. பினாங்கில் 'கு' சேராமல் ககரம் ஒரு பக்கம், அதன் உகரக் குறி ஒரு பக்கம். சரவாக், கிளந்தான் எல்லாவற்றிலும் புள்ளி தலைமேல் ஒழுங்காக உட்காரவில்லை. பதின்மூன்று மாநிலத்தில் பழுதில்லாமல் வந்தது ஒன்றே ஒன்று, சபா. கொம்பும் இல்லை, புள்ளியும் இல்லை, தப்பித்துக்கொண்டது.

காரணம் இதுதான், பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தால் அவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மண்டை குடையும், நல்லது. 'கெ' என்று நாம் தட்டும்போது கணினி சேமிப்பது முதலில் க, பிறகு எகரக் குறி, அதாவது ஒலிக்கும் வரிசையில். அந்தக் குறியை ககரத்துக்கு இடப்பக்கம் கொண்டுபோய் நிறுத்துவது காட்டும் நேரத்தில் நடக்கும் தனி வேலை. கைப்பேசியிலும் உலாவியிலும் அதற்கென்றே ஹார்ஃப்பஸ் போன்ற நிரல்கள் இருக்கின்றன. அவள் கணினியில் இருந்த மேட்பிளாட்லிப் பதிப்பில் அந்த வேலைக்கு ஆள் இல்லை, வந்த வரிசையில் ஒவ்வொன்றாக அடுக்கிவிட்டுப் போய்விடும். ஆங்கிலத்துக்கு அது போதும். இந்த நூலகத்தைத் தொடங்கிய ஜான் ஹன்டர் ஒரு நரம்பியல் ஆய்வாளர், வலிப்பு நோயாளிகளின் மூளை அலைகளைத் திரையில் பார்க்க எழுதத் தொடங்கி 2003இல் வெளியிட்டார், 2012இல் இறந்துபோனார். மூளை அலைக்குக் கொம்பும் காலும் வேண்டியதில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் நம் ஊரில் 'தமிழ் வராது' என்று சொல்வதைக் கேட்க மட்டும் வெட்கமாக இருக்கிறது. பினாங்குப் பாலம் திறந்த அதே 1985இல் இந்த நாட்டுக்காரர் முத்து நெடுமாறன் முரசு என்ற தமிழ் மென்பொருளைக் கொண்டுவந்தார். மேக் கணினியோடு வரும் இணைமதி எழுத்துருவும் அவருடையதுதான். அன்றைக்கு அவரிடம் யாராவது கணினியில் தமிழ் வராது, ஆங்கிலத்தில் போடு என்று சொல்லியிருப்பார்கள், நிச்சயமாக.

வழி இருக்கிறது. படத்தைப் புள்ளிகளாகப் பதியும் பிஎன்ஜி ஆகச் சேமிக்காமல், கோடும் எழுத்துமாகப் பதியக்கூடிய எஸ்விஜி ஆகச் சேமியுங்கள். மேட்பிளாட்லிப் வழக்கமாக எஸ்விஜியிலும் எழுத்தைக் கோடுகளாக வரைந்துவிடும், அப்படி விட்டால் உடைந்த எழுத்து உடைந்தபடியே பதியும். அதன் அமைப்புகளில் எஸ்விஜி எழுத்துரு வகை என்று ஒன்று இருக்கிறது, அதை 'நன்' (none) என்று மாற்ற வேண்டும், ஒரே வரி. அப்போது அது எழுத்தை வரையாது, எழுத்தாகவே எழுதி வைத்துவிடும். அந்தக் கோப்பை உலாவியில் திறந்தால் கொம்பை எங்கே வைப்பது என்பதை உலாவி பார்த்துக்கொள்ளும். கெடா கெடாவாக வந்தது. அவள் கத்தியதில் அடுத்த அறையிலிருந்து தங்கை ஓடி வந்தாள்.

இரண்டு எச்சரிக்கை. பார்க்கும் கணினியிலும் அந்த எழுத்துரு, அல்லது வேறு ஏதாவது தமிழ் எழுத்துரு, இருக்க வேண்டும். விண்டோஸில் நிர்மலா எழுத்துரு இருக்கும், ஆகவே பெரும்பாலும் சிக்கல் வராது. அப்புறம், ஓரங்களை அளப்பது இன்னும் மேட்பிளாட்லிப்தான், அது சேராத எழுத்துகளின் அகலத்தை வைத்து அளக்கிறது, உலாவி காட்டும் அகலம் வேறாக இருக்கலாம். இடது ஓரத்தில் கொஞ்சம் தாராளமாக இடம் விடுங்கள். பிஎன்ஜிதான் வேண்டும் என்றால் உலாவியில் திறந்து திரைப்பிடிப்பு எடுத்தால் போதும், பள்ளி ஒப்படைப்புக்கு அதற்கு மேல் எதற்கு? பெரிய பிள்ளைகளுக்கு பிளாட்லி என்ற இன்னொரு வரைபட நூலகத்தைக் காட்டலாம், அது உலாவிக்குள்ளேயே வரைவதால் இந்தத் தொல்லையே இல்லை. மேட்பிளாட்லிப்போடு சேர்த்துப் பயன்படுத்தும் எம்பிஎல்கெய்ரோ என்றும் ஒன்று உண்டு, எழுத்தைச் சரியாகச் சேர்க்கும், ஆனால் அதை நிறுவ வைத்தால் இன்னொரு சனிக்கிழமை போய்விடும்.

சனிக்கிழமை போவது என்றதும் நினைவுக்கு வருகிறது. முதல் இரண்டு வகுப்பும் நிறுவுவதிலேயே கழிந்ததாமே. இருபது மடிக்கணினி, மண்டபத்தில் ஒரே ஒரு வைஃபை, எல்லோரும் ஒரே நேரத்தில் இறக்கினால் வேறென்ன நடக்கும்? பைதான் நூலகங்களை நிறுவித்தரும் பிப்பில், இறக்கி மட்டும் வைக்கும் கட்டளை இருக்கிறது. அதே விண்டோஸ், அதே பைதான் பதிப்பு உள்ள ஒரு கணினியில் வெள்ளிக்கிழமை இரவே எல்லாவற்றையும் இறக்கி பென்டிரைவில் போட்டு வந்தால், இணையத்துக்குப் போகாதே, இந்த அடைவில் தேடு என்று பிப்பிடம் சொல்லிவிடலாம்.

என் தங்கை மகளுக்கு வந்த பிழை, அப்படி ஒரு தொகுதியே இல்லை என்பது. நிறுவிவிட்டேன் என்கிறாள், இல்லை என்கிறது. இரண்டும் உண்மை. கணினியில் இரண்டு பைதான், ஒன்று அவள் அண்ணன் எப்போதோ மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் எடுத்தது, ஒன்று நீங்கள் போடச் சொன்னது. பிப் ஒன்றில் கொண்டுபோய் வைத்தது, நிரல் எழுதும் செயலி மற்றதைத் திறந்தது. பிப்பைத் தனியாகக் கூப்பிடாமல், பைதான், கோடு எம், பிப் (python -m pip) என்று பைதான் வழியாகவே கூப்பிடப் பழக்கினால் எந்தப் பைதானுக்குள் போகிறது என்ற குழப்பமே வராது. அவள் தோழிக்கு வந்தது வேறு: வெளியாகிச் சில நாளே ஆன பைதானைப் போட்டிருக்கிறாள், அதற்கு ஏற்கெனவே கட்டி வைத்த பொதி இன்னும் வரவில்லை, ஆகவே பிப் மூலநிரலை எடுத்துக் கட்டப்பார்த்து, சி++ கருவி எங்கே என்று இரண்டு பக்கத்துக்குச் சிவப்பாகக் கொட்டியிருக்கிறது. ஒரு பதிப்பு பழையதைப் போடச் சொன்னேன், இரண்டு நிமிடத்தில் முடிந்தது. இன்னொரு பையன் தன் கோப்புக்கே மேட்பிளாட்லிப் என்று பெயர் வைத்துவிட்டானாம். பாவம், அவன் நிரல் தன்னைத்தானே இறக்குமதி செய்துகொண்டு நின்றிருக்கிறது. அவனைத் திட்டினீர்கள் என்று கேள்விப்பட்டேன். நானும் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்தவள்தான்.

வரைபடத்தின் அழகு பற்றியும் ஒரு வார்த்தை. அச்சின் ஓரத்தில் '1e6' என்று குட்டியாக நிற்கிறதே, பத்து இலட்சத்தால் பெருக்கிக்கொள் என்று பொருள், மில்லியனைத் தாண்டினால் அது தானாக வந்துவிடும், எந்தப் பிள்ளைக்கும் அது புரியவில்லை, கேட்கவும் கூச்சம். எண்களை ஒரு இலட்சத்தால் வகுத்துவிட்டு அச்சுக்கு 'இலட்சம் பேர்' என்று பெயர் வைக்கச் சொல்லுங்கள், அதைவிட எளிய வழி இல்லை. நெகிரி செம்பிலானைக் கீழே படுக்கை வாக்கில் எழுதினால் பக்கத்துப் பெயரின் மேல் ஏறத்தான் செய்யும். சாய்த்து எழுதக் கற்றுக்கொடுத்தீர்கள், கழுத்து வலிக்கிறது, பட்டைகளையே கிடைமட்டமாகப் போட்டால் பெயர்கள் நேராக நிற்கும். அப்படிப் போடும்போது முதல் பெயர் அடியில் போய்விடும், நிலை அச்சைத் தலைகீழாக்க வேண்டும். வெள்ளைத் தாளாக ஒப்படைத்த இரண்டு பிள்ளைகளுக்கும் மதிப்பெண் திருப்பிக் கொடுங்கள். திரையில் காட்டு என்ற வரிக்குப் பிறகு சேமி என்று எழுதினால் சாளரத்தை மூடியதோடு படம் போய்விடும், சேமிப்பது வெறும் தாளைத்தான். வரிகளின் இடத்தை மாற்றினால் சரி.

நான் கேட்பது இரண்டுதான். நிறுவும் வேலையை வகுப்புக்கு முன்பே முடியுங்கள். தமிழில் பெயர் போட விரும்பும் பிள்ளையை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்லாதீர்கள். மலாயில் போட விரும்பினால் அதையும்தான்.

வரும் சனிக்கிழமை நானே வருகிறேன். பென்டிரைவில் பொதிகள், நோட்டோ எழுத்துரு, பதின்மூன்று மாநிலப் பெயரும் உடையாமல் வரும் மாதிரி நிரல், மூன்றும் இருக்கும். எக்செலிலிருந்து சேமிக்கும்போது சிஎஸ்வி யூடிஎஃப்-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அதையும் அங்கேயே காட்டுகிறேன். மண்டபத்தின் கதவை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்று மட்டும் சொல்லியனுப்புங்கள், எட்டு மணி ஃபெரியைப் பிடித்தால் சரியாக இருக்குமா?

இப்படிக்கு,
பட்டர்வொர்த்திலிருந்து ஒரு பெரியம்மா