பிக்கப்பின் குணத்தை ஓம் அளவு மட்டும் சொல்லாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எலெக்ட்ரிக் கிட்டாரில் தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றுவது பிக்கப்; காந்தமும் அதைச் சுற்றிய கம்பிச் சுருளும் (காயில்) கொண்டது. கையால் சுற்றிய பிக்கப்புகளைப் பற்றி எழுதுபவர்கள் 'இதமான நாதம்', 'பழைய காலத்து இனிமை', '8.2 கிலோ ஓம், அதனால் நல்ல சத்தம்' என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. முதல் இரண்டும் வாசகருக்கு உதவாது. மூன்றாவது தப்பான வழியில் கொண்டுபோய் விட்டுவிடும். வெளிநாட்டிலிருந்து சுங்கவரி கட்டி வரவழைக்கிற பலர் அந்த ஓம் கணக்கை நம்பித்தான் காசைக் கொடுக்கிறார்கள்.

ஓம் என்பது மின்தடையின் அளவு. காயிலில் உள்ள செம்புக் கம்பி எவ்வளவு நீளம், எவ்வளவு மெல்லிசு என்பதைத்தான் ஓம் காட்டுகிறது. வழக்கமாகச் சுற்றுவது 42 கேஜ் கம்பி. அதன் செம்பு சுமார் 0.063 மி.மீ., தலைமுடி அளவுதான். கேஜ் எண் கூடினால் கம்பி மெலியும். 8,000 சுற்றை 42-க்குப் பதில் 43 கேஜில் சுற்றினால் ஓம் ஏறத்தாழக் கால் பங்கு ஏறிவிடும். சுற்றும் காந்தமும் மாறாததால் சத்தம் ஏறாது. இதில் வெயிலும் சேர்ந்துகொள்ளும். செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரி அறையில் 8.00 காட்டிய பிக்கப் சென்னையில் 32 டிகிரியில் 8.37 காட்டும். அதற்காக விற்றவரிடம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. பிக்கப்பைக் கழற்றாமல் ஜாக்கிலேயே மீட்டரை வைத்தால், வால்யூமை முழுக்கத் திறந்திருந்தாலும் அந்த வால்யூம் குமிழின் 250 கிலோ ஓம் மாறுமின்தடை (பாட்) இணையாகச் சேர்ந்து 8.00-ஐ 7.75 ஆக்கிவிடும்.

ஓம் பார்ப்பது பழுது கண்டுபிடிக்க உதவும். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. ஃபெண்டர் பாணி சிங்கிள் காயிலில், அதாவது ஒரே சுருள் கொண்ட பிக்கப்பில், கம்பியை நேரே அல்நிகோ என்ற உலோகக் கலவைக் காந்தத் தண்டுகள் மீதே சுற்றுவார்கள். அல்நிகோவில் இரும்பு உண்டு. கடலோர ஈரக்காற்றில் தண்டு துருப்பிடித்தால் உள்சுற்றின் எனாமலை அரித்துக் கம்பியையும் தின்றுவிடும். சுற்றுவதற்கு முன் தண்டுகளுக்கு லாக்கர் பூசியோ டேப் ஒட்டியோ காப்பிட்டார்களா என்று செய்பவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

நாதத்தைத் தீர்மானிப்பதில் பெரிய பங்கு இண்டக்டன்ஸுக்குத்தான், அதாவது மின்னோட்டம் மாறுவதைக் காயில் எதிர்க்கும் அளவுக்கு. ஸ்ட்ராட்டோகாஸ்டர் பாணி பிக்கப் 2.4 ஹென்றி, கேபிளையும் சேர்த்துக் கெபாசிட்டன்ஸ் (மின்தேக்கு திறன்) 600 பிக்கோஃபாரட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிக்கப் மிகத் தூக்கலாகக் கொடுக்கும் ஒலி உச்சம் ஏறக்குறைய 4.2 கிலோஹெர்ட்ஸில் நிற்கும், அதனால்தான் அந்த மணிச்சத்தம். இரைச்சலை அடக்க இரண்டு காயில் வைத்த ஹம்பக்கரில், 4.5 ஹென்றி என்றால், அது 3 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கி, சத்தம் தடிக்கும். இண்டக்டன்ஸை அளக்கும் எல்சிஆர் மீட்டரை 100 அல்லது 120 ஹெர்ட்ஸில் வைத்து அளந்தால் போதும். பித்தளை மூடி போட்டிருந்தால் அதில் எழும் சுழல் மின்னோட்டம் மேல் ஸ்தாயியை மங்கவைக்கும். நிக்கல் சில்வர் மூடியில் அந்தக் குறை வெகு குறைவு.

'1957-இல் வந்தது போலவே' என்ற விளம்பரத்தையும் நிதானமாகப் படிக்க வேண்டும். கிப்சனுக்காக சேத் லவர் வடிவமைத்த அந்த ஹம்பக்கர்களில் அசல்களே ஒன்றுபோல் ஒன்று இருந்ததில்லை. சுற்று எண்ணிக்கையும் மாறும், காந்தத்தின் ரகமும் மாறும். எந்த அசலைப் பார்த்துச் செய்தார் என்று சொல்லாதவரை அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் இல்லை.

கேட்டுப் பார்ப்பதிலும் முறை வேண்டும். கிட்டார், தந்தி செட், கேபிள், ஆம்ப் எதையும் மாற்றக் கூடாது. பிக்கப்பின் உயரத்தையும் சரியாக வைக்க வேண்டும். அதற்குக் கடைசி ஃப்ரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிப்புறத்திலிருந்து காந்தத் தலைவரை அளக்க வேண்டும். ஸ்ட்ராட் பிக்கப்புக்குத் தடித்த தந்திப் பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய பக்கம் 2 மி.மீ. என்று தொடங்கலாம். இதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியை இழுக்கும். தடித்த ஈ தந்தியில் 12-வது ஃப்ரெட்டுக்கு மேல் சுருதி அலைபாயும். நல்ல பிக்கப்பையே மட்டம் என்று திருப்பி அனுப்பப் பெரும்பாலும் இதுதான் காரணம். பிறகு ஒப்பிடும் இரண்டு பிக்கப்புகளின் சத்தத்தையும் சமமாக்குங்கள். ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிப்பதைக் காது உடனே 'நல்லது' என்று சொல்லிவிடும். வாசிப்பதை நேரடியாகப் பதிவுசெய்து, எது எதுவென்று தெரியாமல் கேட்பது இன்னும் நல்லது.

ஆம்பின் கெய்னை (சைகையைப் பெருக்கும் அளவை) நன்றாக ஏற்றி, மூடியை நகத்தால் தட்டிப் பாருங்கள். ஆம்பில் 'டொக்' என்று பலமாகக் கேட்டால், கம்பி அதிராமல் இருக்கக் காயிலில் ஊறவைக்கும் மெழுகு சரியாக உள்ளே இறங்கவில்லை. மேடையில் அது கீச்சிடும். பாரஃபினும் தேன்மெழுகும் 80-க்கு 20 கலந்து 65 டிகிரி அளவில் மூழ்கவைப்பது வழக்கம். சூடு மிஞ்சினால் பிளாஸ்டிக் சட்டம் வளைந்துவிடும். மூன்று சிங்கிள் காயில் செட்டில் நடுப் பிக்கப் எதிர்ச்சுற்று, எதிர்த்துருவம் கொண்டதா என்பதும் முக்கியம். அப்படி இருந்தால்தான் இரண்டு பிக்கப்புகள் சேர்ந்து ஒலிக்கும் ஸ்விட்சின் 2, 4-ஆம் நிலைகளில் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல் அடங்கும்.

கர்நாடக இசை வாசிப்பவர்களுக்காக ஒன்று சேர்க்க வேண்டும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துக் கமகம் பிடிக்கும்போது அது காந்தத் தண்டின் தலையை விட்டு விலகும். அந்த இடத்தில் சத்தம் சற்று இறங்கும். காந்தாரத்தை அசைக்கும்போது இந்தக் குறை நன்றாகவே தெரியும். தண்டுகளுக்குப் பதில் நீளமான பட்டை வைத்த பிக்கப்பில் அது இல்லை. விமர்சனங்களில் இதை யாரும் தொடுவதே இல்லை.

இனி பிக்கப் விமர்சனம் வெளியிடும்போது கம்பியின் கேஜ், ஓம் அளந்த வெப்பநிலை, இண்டக்டன்ஸ், காந்தத்தின் ரகம், சோதித்த கிட்டாரின் பாட் மதிப்பு, தந்தியிலிருந்து வைத்த உயரம் இவ்வளவையும் ஒரு சிறு பெட்டியில் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் வாசகர்,
சென்னை